சாம்பாரில் எத்தனை கிராம் பருப்பு? வீட்டுச் சமையலில் புரதத்தையும் கலோரியையும் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க ‘இரண்டு பிடி பருப்பு’ என்பது என் அம்மா காலத்திலிருந்து வரும் அளவு. சமையலறைக்கென்று ஒரு சிறிய மின்னணுத் தராசு வாங்கிய அன்று, குக்கரில் போடுவதற்கு முன் அந்த இரண்டு பிடியைக் கிண்ணத்தில் கொட்டி நிறுத்துப் பார்த்தேன். 88 கிராம் காட்டியது. ஆளுக்கு 22 கிராம் பருப்பு, அதாவது 5 கிராமுக்கும் சற்றுக் குறைவான புரதம். அதிலும் வெந்த பருப்பின் மேல்தண்ணீரை ரசத்துக்கு எடுத்துவிட்டு, கரண்டியை அடிவரை விடாமல் மேலாக மொண்டு ஊற்றினால், முதல் பந்தியில் உட்காருபவருக்குப் புளித்தண்ணீரும் கடைசியாகச் சாப்பிடுபவருக்குப் பருப்பும் கிடைக்கும். ‘தினமும் பருப்புதானே சாப்பிடுகிறோம், புரதத்துக்கு என்ன குறை’ என்று அதுவரை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பருப்பு இருப்பதாகத் தோன்றும் இடத்தில் அது குறைவாக இருப்பதும், எண்ணெயும் தேங்காயும் சர்க்கரையும் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துவிடுவதும்தான் நம் அன்றாட உணவின் சிக்கல். இதைச் சரிசெய்ய வெளிநாட்டுத் தானியமோ விலையுயர்ந்த மாவுப் பொடியோ வேண்டியதில்லை. ஒரு தராசும், ஒரு நோட்டும், ஒரு வாரப் பொறுமையும் போதும்.

முதல் படி: உங்கள் இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கிராம் புரதமும் ஒரு கிராம் மாவுச்சத்தும் தலா 4 கலோரி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. (உணவுப் பேச்சில் கலோரி என்று நாம் சொல்வது உண்மையில் கிலோகலோரியைத்தான், இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.) கலோரி என்பது அடுப்பில் எரியும் விறகைப் போன்றது. புரதமும் எரியக்கூடியதே என்றாலும், தசை, தோல், நொதிகள், நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஆகியவற்றைக் கட்டுவதுதான் அதன் முதல் வேலை.

இந்தியர்களுக்கான அளவுகளை வகுப்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இதன் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது: 1918இல் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தின் ஓர் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். உட்கார்ந்து வேலை செய்பவர்களானால் அந்த ஆணுக்கு 2110 கலோரியும் அந்தப் பெண்ணுக்கு 1660 கலோரியும் போதும். நடுத்தர உழைப்பாளிகளுக்கு முறையே 2710, 2130 கலோரி தேவைப்படும்.

பால், முட்டை, மீன் எதுவும் பெரிதாக இல்லாமல் தானியத்தையே பெரும்பாலும் நம்பியிருக்கும் உணவில் புரதத்தின் தரம் குறைவு என்பதால், அத்தகையவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மனக்கணக்குக்கும் அதுவே எளிது. பருமனாக இருப்பவர்கள் இப்போதைய எடைக்குப் பதிலாக, தங்கள் உயரத்துக்கு இருக்கவேண்டிய எடையைப் போட்டுக் கணக்கிடலாம்.

பெண்ணின் எண்களை மறுபடி பாருங்கள். கலோரி ஒதுக்கீடு சிறியது. அதற்குள் புரதத்தை அடக்குவது ஆணைவிட அவருக்குக் கடினம். ஆனால் மீன் துண்டும் முட்டையும் யார் தட்டுக்கு முதலில் போகின்றன என்பது எல்லா வீடுகளுக்கும் தெரிந்த கதை.

இரண்டாம் படி: மளிகைச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

தினமும் ஒவ்வொரு கவளத்தையும் எழுதி வைக்கும் முறை மூன்றாம் நாளே சலித்துவிடும். அதைவிட நம்பகமான சாட்சி மாதச் சாமான் பட்டியல். வாங்கியதெல்லாம் வீட்டிலுள்ளவர்களின் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி உண்பவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம் (முட்டை, மீன், இறைச்சி உண்பவர்களுக்கு அவையும் இந்தக் கணக்கில் சேரும்), காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு இதைப் பெருக்கினால் தானியம் 30 கிலோ, பருப்பும் பயறும் சேர்த்து 10 கிலோ, எண்ணெய் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் வருகிறது.

இப்போது உங்கள் வீட்டுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, கடலைப்பருப்பும் பாசிப்பருப்பும் சேர்ந்து 1 கிலோ என்று எங்கள் வீட்டுக் கணக்கு 5 கிலோவில் நின்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு 42 கிராம்தான். எண்ணெய் மட்டும் 5 லிட்டர். அது ஆளுக்குத் தினம் 38 கிராம், அதாவது 340 கலோரி. பருப்பு பாதி, எண்ணெய் ஒன்றரை மடங்கு: இந்த ஒரு வரியிலேயே எங்கள் வீட்டு நோய் தெரிந்துவிட்டது.

வழிகாட்டுதலின்படி தானியத்துக்கும் பருப்புக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. ரேஷன் கடையில் ஓர் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 20 கிலோ அரிசி பெறும் அட்டைக்கும் பருப்பு அதே 1 கிலோதான். பருப்பு கொடுப்பதே பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அந்தப் பையை மட்டும் நம்பிச் சமைக்கும் வீட்டில் விகிதம் இருபதுக்கு ஒன்றாகிவிடும்.

மூன்றாம் படி: வேகும் முன் எடை போடுங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இதுதான். 100 கிராம் அரிசி வெந்தால், விடும் தண்ணீரைப் பொறுத்து 250 முதல் 300 கிராம் சோறாகிறது. பருப்பு எவ்வளவு பெருகும் என்பது குழம்பின் பதத்தைப் பொறுத்தது. எனவே ‘ஒரு கரண்டி சாம்பார்’, ‘ஒரு கிண்ணம் கூட்டு’ என்ற அளவுகளுக்குப் பொருளே இல்லை. உலர்ந்த நிலையில் நிறுத்து, சாப்பிடுபவர்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். எத்தனை டம்ளர் தண்ணீர் விட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் சிலவே. உலர்ந்த 100 கிராமில் பச்சரிசிக்கோ புழுங்கலரிசிக்கோ 8 கிராம் அளவிலும், கோதுமை மாவுக்கு 10 முதல் 11 கிராம் வரையும், துவரம் பருப்புக்கு 22, உளுந்துக்கும் பாசிப்பருப்புக்கும் 23 அல்லது 24, கொண்டைக்கடலைக்கு 18 அல்லது 19, நிலக்கடலைக்கு 24 கிராம் அளவிலும் புரதம் இருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம். 100 மில்லி பசும்பாலிலும் 100 கிராம் தயிரிலும் 3 கிராமுக்குச் சற்று மேல். மீனிலும் கோழியிலும் எலும்பும் முள்ளும் நீக்கிய 100 கிராமுக்கு 18 முதல் 22 கிராம். தானியமும் பருப்பும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 320 முதல் 360 கலோரி தருபவை. எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு 45, சர்க்கரை ஒரு தேக்கரண்டிக்கு 20.

இட்லியை வைத்து ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து. அரிசியிலிருந்து 63 கிராம் புரதமும் உளுந்திலிருந்து 46 கிராமும் சேர்ந்து 109. கலோரி ஏறத்தாழ 3500. அந்த மாவில் எங்கள் தட்டு அளவுக்கு 55 இட்லி வருகிறது. ஆகவே ஓர் இட்லிக்கு 64 கலோரி, 2 கிராம் புரதம். உங்கள் வீட்டு இட்லித் தட்டின் குழி ஆழமானதாக இருந்தால் எண்ணிக்கை குறையும், கணக்கும் மாறும்; ஒரு நாள் எண்ணி எழுதிவைத்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை.

நான்காம் படி: நூறு கலோரிக்கு எத்தனை கிராம்?

வெறும் கிராம் கணக்கு ஏமாற்றும். நிலக்கடலையில் புரதம் துவரம் பருப்பைவிடக் கூடுதல், ஆனால் அதன் கலோரி 100 கிராமுக்கு 500க்கு மேல். எனவே நான் பயன்படுத்தும் அளவுகோல் வேறு: அந்த உணவில் நூறு கலோரி உண்டால் எத்தனை கிராம் புரதம் சேர்கிறது? 1660 கலோரிக்குள் 46 கிராம் வேண்டுமென்றால், சராசரியாக நூறு கலோரிக்கு 2.8 கிராம் வர வேண்டும். இதுதான் கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவை, கீழே இருப்பவற்றை இழுத்துத் தூக்க வேண்டும்.

அரிசி 2.2 என்று கோட்டுக்குக் கீழே நிற்கிறது. கேழ்வரகும் கிட்டத்தட்ட அதே 2.2தான்; கால்சியத்தில் அதற்கு நிகரில்லை என்பது வேறு, ஆனால் ‘ராகியில் புரதம் அதிகம்’ என்று கேள்விப்பட்டுக் களிக்கு மாறியவர்களுக்குப் புரதத்தில் ஒன்றும் கூடியிராது. கம்பும் கோதுமையும் 3ஐத் தாண்டுகின்றன. உளுந்து சேர்வதால் இட்லியும் 3.1 என்று கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஆனால் கூடவே வரும் தேங்காய்ச் சட்னி, தேங்காய்க்கு 0.9தான் என்பதால், மறுபடி கீழே இழுக்கிறது. பாலும் நிலக்கடலையும் 4.5ஐ ஒட்டியும், தயிர் 5, துவரம் பருப்பு 6.5, முட்டை 8 என்றும் ஏறுகின்றன. தோல் நீக்கிய கோழியும் மத்தி மீனும் 12ஐ ஒட்டி நிற்கின்றன. எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பூஜ்யம், ஜவ்வரிசிக்கு ஏறத்தாழ அதே. மரவள்ளிக்கிழங்கு வயிற்றை நிரப்பும், புரதம் தராது.

பள்ளிச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். பழம் நல்லதுதான், ஆனால் 6 கிராமுக்கு ஈடாக 1 கிராமைக் கொடுப்பது புரதக் கணக்கில் மாற்றாகாது. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு கைப்பிடி சுண்டலோ ஒரு டம்ளர் பாலோ கூடுதலாகத் தருவது பெற்றோர் செய்யக்கூடிய ஈடு.

ஐந்தாம் படி: ஒரு நாளை எழுதிப் பார்த்து, பிறகு மாற்றி எழுதுங்கள்

55 கிலோ எடையுள்ள, அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும், சைவ உணவு உண்ணும் பெண் ஒருவரின் சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் மூன்று இட்லி, தாராளமாகத் தேங்காய்ச் சட்னி. நாளில் இரண்டு முறை 100 மில்லி பாலில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட காபி. மதியம் 120 கிராம் அரிசிச் சோறு, மேலே சொன்ன 22 கிராம் பருப்பின் சாம்பார், தேங்காய் தூவிய பொரியல், இரண்டு பொரித்த அப்பளம், 100 கிராம் தயிர். மாலையில் 40 கிராம் மிக்ஸர். இரவு எண்ணெய் விட்ட மூன்று தோசையும் சட்னியும். தாளிப்புக்கும் வதக்கலுக்கும் போன மூன்று தேக்கரண்டி எண்ணெயையும் சேர்த்தால் ஏறத்தாழ 2050 கலோரியும் 47 கிராம் புரதமும் வருகின்றன.

புரதம் எட்டிவிட்டதே என்று தோன்றும். ஆனால் அதை எட்டுவதற்கு அவர் தேவைக்கு மேல் 390 கலோரி சுமக்க வேண்டியிருக்கிறது. மேலும் அந்த 47இல் சரிபாதி அரிசிச் சோறு, இட்லி, தோசை வழியே வந்தது. எடை கூடுகிறதென்று அவர் சோற்றைப் பாதியாக்கி, இரவுத் தோசையையும் நிறுத்தினால் கலோரி குறையும். கூடவே புரதமும் 35ஐ ஒட்டி விழுந்துவிடும். ‘டயட்’ இருப்பவர்களுக்கு முதல் மாதமே உடல் தளர்வதற்கும், எடையோடு தசையும் கரைவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அதே நாளை அதே சமையலறையில் இப்படி மாற்றலாம். இட்லி மூன்று அப்படியே இருக்கட்டும்; தேங்காய்ச் சட்னி பாதி. காபிக்குச் சர்க்கரை ஒரு தேக்கரண்டி. அரிசி 90 கிராம், ஆளுக்கான பருப்பு 35 கிராம். அதாவது நான்கு பேருக்கு 88 கிராமுக்குப் பதில் 140 கிராம், இரண்டு பிடிக்குப் பதில் மூன்று பிடிக்குச் சற்று மேல். அப்பளத்தை விட்டுவிட்டு, தயிரை 150 கிராமாக்குங்கள். மிக்ஸருக்குப் பதில் 40 கிராம் கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறவைத்துச் சுண்டல். இரவில் தோசைக்குப் பதில், 30 கிராம் அரிசியும் 30 கிராம் கலந்த பருப்புகளும் அரைத்து வார்த்த இரண்டு அடை. மற்ற எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 1615 கலோரி, 51 கிராம் புரதம். ஒரு கொய்யாப்பழத்துக்கும் இடம் மிச்சமிருக்கிறது. எந்த வேளையும் விடுபடவில்லை, யாரும் பட்டினி கிடக்கவில்லை.

அடைக்குக் கல்லில் எண்ணெய் குளிக்கக் குளிக்க ஊற்றினால் இந்தக் கணக்கு முழுவதும் வீண். மேலே நான் போட்டது அடை ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி. எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராகச் சுற்றி ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள், ஒரு வாரமாவது கரண்டியால் அளந்து ஊற்றிப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: தானியத்தோடு பயறைச் சேருங்கள்

புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. அரிசி, கோதுமை போன்றவற்றில் லைசின் என்ற அமிலம் குறைவு. பருப்புகளில் அது நிறைய இருக்கிறது, மெத்தியோனின்தான் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இட்லி, பொங்கல், அடை, பருப்புச் சாதம், சாம்பார் சாதம் எல்லாம் இந்தச் சேர்க்கைகளே. ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரே நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

பயறுகளை ஊறவைத்து நன்றாக வேகவைப்பது செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களைக் குறைக்கிறது. மாவைப் புளிக்கவைப்பதும் அப்படியே. வாயுத் தொல்லை என்று பயறை ஒதுக்கியவர்கள், ஊறிய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, சிறிய அளவிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் பழகிவிடும். சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்ததுதான் நாம் செய்த தவறு என்று எனக்குத் தோன்றும்; கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு என்று ஒன்பது நாளும் ஒவ்வொன்றாகச் செய்தவர்களுக்கு வருடம் முழுவதற்குமான பட்டியல் கையிலேயே இருக்கிறது. பருப்பு உசிலி, பருப்பு உருண்டைக் குழம்பு, கொள்ளு ரசம், பருப்புத் துவையல் ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

அசைவம் உண்பவர்களுக்கு வேலை எளிது. நாளொன்றுக்கு ஒரு முட்டை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற சிறு மீன்கள் என்றாலே கணக்கு நேராகிவிடும். பொரித்தால் எண்ணெய் கூடும் என்பதால் குழம்பில் போடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறியை வயிறு புடைக்கச் சாப்பிட்டு மற்ற ஆறு நாளும் ரசத்தில் ஓட்டுவதால் பயனில்லை. உபரிப் புரதத்தை உடல் அடுத்த வாரத்துக்கென்று சேர்த்து வைப்பதில்லை.

சிறுவர், முதியோர், எடை குறைப்போர்

வளரும் குழந்தைக்குக் கலோரியே போதவில்லையென்றால், கொடுத்த புரதத்தையும் உடல் விறகாக எரித்துவிடும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் சி. கோபாலனும் குழுவினரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஊட்டம் குன்றிய குழந்தைகளுக்கு நாள்தோறும் 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் கொண்ட துணையுணவு கொடுத்தபோதே அவர்களின் உயரமும் எடையும் மற்றவர்களைவிடக் கூடின. எனவே மெலிந்த பிள்ளைக்கு எண்ணெயையும் நெய்யையும் குறைக்கும் வேலை வேண்டாம். பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி நெய் அவர்களுக்கு மருந்து.

முதியோர் கதை நேர்மாறானது. கலோரித் தேவை குறைகிறது, புரதத் தேவை குறைவதில்லை. கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதியோர் ஊட்டத்தை ஆராய்ந்த பல நிபுணர் குழுக்களின் கருத்து. ஆனால் பல் போன பிறகு இரவுக்குக் கஞ்சி என்று சுருங்கிவிடுகிறார்கள். 30 கிராம் அரிசிக் கஞ்சியில் புரதம் இரண்டரை கிராம்கூட இல்லை. அதில் பாதியை எடுத்துவிட்டு 15 கிராம் வறுத்த பாசிப்பருப்பைப் போட்டுக் குழைய வேகவைத்தால், கலோரி மாறாமல் புரதம் இரண்டு மடங்காகும். ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் இன்னும் நல்லது.

எடை குறைக்க விரும்புவோர் நாளுக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைத்து, புரதத்தைக் கிலோவுக்கு 1.2 கிராமாக உயர்த்திக்கொள்ளலாம். கூடவே தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சி வேண்டும். கருவுற்ற தாய்க்கு நாளொன்றுக்கு 350 கலோரியும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் புரதமும் கூடுதலாகத் தேவை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையின் எந்த எண்ணையும் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களின் புரத அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புரதப் பொடிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அவற்றைத் தவிர்க்கவே சொல்கிறது. டப்பாவின் பின்புறம் ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று படித்துப் பாருங்கள். சத்துபானம் என்ற பெயரில் விற்கும் பலவற்றில் இரண்டாவது எண்தான் பெரியதாக இருக்கும்.

ஏழாம் படி: மாதம் ஒரு முறை சரிபாருங்கள்

தினமும் எடை பார்க்க வேண்டாம். வாரத்தில் ஒரே கிழமை, காலையில் காபிக்கு முன் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எடை குறைக்க முயலாதவருக்கு எடை இறங்கினால் கலோரி போதவில்லை. குறைக்க முயல்பவருக்கு வாரம் அரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் வேகம் அதிகம். சோற்றில் ஒரு கரண்டியைத் திரும்பச் சேர்க்கலாம். மாதக் கடைசியில் சாமான் சீட்டை எடுத்துப் பருப்பு வகைகளின் மொத்தக் கிலோவையும் எண்ணெயின் லிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான்கு மாதத்தில் பருப்பும் பயறும் 5 கிலோவிலிருந்து 8 கிலோவுக்கு வந்திருக்கின்றன. எண்ணெய் 5 லிட்டரிலிருந்து 4க்கு இறங்கியிருக்கிறது. 10 கிலோவை இன்னும் எட்டவில்லை. தராசு அடுப்பு மேடையில் அரிசி டின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அம்மா இப்போதும் கையால் அள்ளித்தான் போடுகிறார்கள், ஆனால் மூன்றாவது பிடியை மறப்பதில்லை.